அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தது யார்?

"காலையில் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை யார் கொடுத்தது?" இந்தக் கேள்வியை இன்றைக்கு உங்க வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

உடையார்பாளையம் பக்கம் ஒரு நெசவுக்காரர் வீடு. மகன் விடியற்காலையிலேயே அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட்டார். அது தெரியாமல் மருமகளும் எட்டு மணிக்கு ஒன்று கொடுத்தார். அந்த அம்மாள் அன்று குடித்தது அரை டம்ளர் கஞ்சிதான். பத்து மணிக்கு உடம்பெல்லாம் வேர்வை, கைநடுக்கம், பேச்சுக் குழறல். காத்து கருப்பு என்று விபூதி போட ஆள் தேடினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார். மகன், மருமகள் இருவரும் அக்கறையாகத்தான் செய்தார்கள். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வாசல் வரை அவர்கள் கொண்டு வருவார்கள். வாசலிலிருந்து வாய் வரை நம்ம பொறுப்பு.

ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸம்மா என்ன செய்கிறார்? ஆள், மருந்து, அளவு, நேரம், கொடுக்கும் வழி ஐந்தும் சரியா என்று பார்த்துக் கொடுக்கிறார்; கொடுத்த கையோடு எழுதி வைக்கிறார். நீங்களும் கணவன் மனைவி இருவரில் ஒருவர் இந்த வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். கொடுத்தவுடன் மாதக் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு கோடு போடுங்கள். வெளியூர் போனால் மற்றவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு வேளை விட்டுப்போச்சா? அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. அரசு மாத்திரை ஒரு அட்டை, கடையில் வாங்கியது வேறு பெயரில் ஒரு அட்டை என்று இருக்கும். இரண்டுக்குள்ளும் ஒரே மருந்து இருக்கலாம். இரண்டு அட்டையையும் டாக்டரிடம் காட்டாமல் சேர்த்துக் கொடுக்காதீங்க.

கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் இருந்தாலும் இதே ஆபத்துதான். வேர்வையும் நடுக்கமும் கண்டு, நினைவும் இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த மாத்திரையின் வேகம் பல மணி நேரம் இருக்கும், சர்க்கரை மறுபடி இறங்கும். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.