கோளும் எடையும்

1969ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் புவியின் துணைக்கோளாகிய நிலவில் இறங்கி நடந்தனர். அவர்கள் ஒவ்வொருவரும் அணிந்த உடையும், முதுகில் சுமந்த உயிர்காப்புக் கருவியும் சேர்ந்து புவியில் ஏறத்தாழ 80 கிலோகிராம் எடையுள்ளவை. இத்துணைச் சுமையுடன் இங்கே ஒருவன் நெடுநேரம் நடத்தல் அரிது. நிலவிலோ அவ்வெடை ஆறில் ஒரு பங்காயிற்று. ஆதலின் அவர்கள் உலாவிப் பாறைகளைத் திரட்ட முடிந்தது.

உடையின் நிறை, அஃதாவது அதில் அடங்கிய பருப்பொருளின் அளவு, அங்குச் சிறிதும் குறையவில்லை. அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் ஈர்ப்பே குறைந்தது. அவ்விழுப்பின் அளவே எடை எனப்படும்.

நிலவின் நிறை புவியின் நிறையில் 81இல் ஒரு பங்கே. அங்ஙனமாயின் எடையும் 81இல் ஒரு பங்காகாமல், ஆறில் ஒரு பங்காக நின்றது ஏன்?

நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈர்ப்பு விதி இதற்கு விடை தருகின்றது. கோளத்தின் நிறை எத்தனை மடங்கு மிகுமோ அத்தனை மடங்கு அதன் ஈர்ப்பும் மிகும். ஆனால், கோளத்தின் நடுப்புள்ளியிலிருந்து தொலைவு இருமடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். மேற்பரப்பில் நிற்பவனுக்கு அத்தொலைவு கோளத்தின் ஆரமே ஆகும்.

புவியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். நிலவின் ஆரம் 1,737 கிலோமீட்டர். முன்னது பின்னதைப்போல் 3.67 மடங்கு. 3.67ஐ அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 13.5 வரும். எனவே, நிறைக்குறைவால் 81இல் ஒரு பங்காக வேண்டிய ஈர்ப்பு, ஆரக்குறைவால் 13.5 மடங்கு மிகுந்து, ஆறில் ஒரு பங்காயிற்று.

சனிக்கோளின் நிறை புவியின் நிறையைப்போல் 95 மடங்கு. ஆயினும் அதன் ஆரம் ஒன்பது மடங்கிற்கும் மேற்பட்டது. ஆதலின் அதன் முகிற்பரப்பில் ஈர்ப்பு ஏறத்தாழப் புவியின் ஈர்ப்பை ஒத்ததே.

புதனின் நிறை செவ்வாயின் நிறையில் ஏறத்தாழப் பாதி. ஆனால் புதன் உருவில் சிறிதாய்ச் செறிந்திருத்தலின், இரண்டின் ஈர்ப்பும் ஏறக்குறைய ஒன்றே. இங்கு வில்தராசில் 60 கிலோகிராம் காட்டும் மாணவன், அவ்விரண்டிலும் ஏறத்தாழ 23 கிலோகிராமே காட்டுவான்.

ஆகவே, ஒரு கோளின் ஈர்ப்பை அறிய விழைவோர், அதன் நிறையை மட்டும் கேட்டு அமையலாகாது. அந்நிறை எத்துணை ஆரத்துள் அடங்கியுள்ளது என்பதையும் கேட்டல் வேண்டும்.