டோக்கே பல்லி வளர்ப்பில் இலாபம் உண்டா?

ஈமு கோழியில் முதலீடு செய்து 2012ஆம் ஆண்டில் பணத்தைப் பறிகொடுத்த உழவர்கள் கொங்கு மாவட்டங்களில் பலர் உள்ளனர். மண்ணுளிப் பாம்புக்குக் கோடி ரூபாய் கிடைக்கும் என்று நம்பி வழக்கில் சிக்கியவர்களும் உண்டு. இதே வகைப் பேச்சு, அசாம் முதல் பிலிப்பைன்ஸ் வரை 'டோக்கே' என்னும் பெரிய பல்லியைச் சுற்றியும் பல ஆண்டுகளாக உலவி வருகிறது. இப்பல்லி கூண்டில் எவ்வாறு பராமரிக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டால், இப்பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்பதை உழவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இயல்பு

டோக்கே பல்லி வடகிழக்கு இந்தியா, வங்கதேசம், பர்மா, தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய பகுதிகளில் வாழ்கிறது. தமிழ்நாட்டில் இது இயற்கையாகக் காணப்படுவதில்லை. வளர்ந்த ஆண் பல்லி 30 செ.மீ.க்கு மேல் நீளமிருக்கும். சாம்பல் கலந்த நீல உடலில் செம்மஞ்சள் புள்ளிகள் காணப்படும். இரவில் 'டோக்கே, டோக்கே' என்று உரக்கக் கத்துவதால் இப்பெயர் பெற்றது. கடித்தால் எளிதில் விடாது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் இதைச் செல்லப் பிராணியாக வளர்ப்போர், கையில் எடுத்துக் கொஞ்சுவதில்லை. கூண்டிற்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

கூண்டு

மரமேறும் பல்லியாதலால் கூண்டு அகலத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். ஒரு பல்லிக்குக் குறைந்தது 45 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் தேவை. ஒளிந்துகொள்ள மரப்பட்டையோ மூங்கில் குழாயோ செங்குத்தாக வைப்பது அவசியம். வெப்பநிலை பகலில் 27 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரையிலும், இரவில் சற்றுக் குறைவாகவும் இருத்தல் நலம். காற்றில் 60 முதல் 80 சதவிகிதம் ஈரப்பதம் வேண்டும். இலைகளின் மேலும் கூண்டுச் சுவரிலும் தெளித்த நீர்த்துளிகளை இது நக்கிக் குடிக்கும். ஒரே கூண்டில் இரண்டு ஆண்களை விட்டால் சண்டையிட்டுக் காயமடையும்.

தீவனம்

உயிருள்ள பூச்சிகளே இதன் முக்கிய இரை. சுவர்க்கோழி, கரப்பான், வெட்டுக்கிளி ஆகியவற்றை இரவு நேரத்தில் கொடுக்கின்றனர். பூச்சிகளின் மேல் சுண்ணாம்புச் சத்துத் தூளும், குறிப்பிட்ட அளவில் வைட்டமின் டி3யும் தூவிக் கொடுக்க வேண்டும். இச்சத்து குறைந்தால் எலும்பு வளைந்து, தாடை மென்மையாகி, பல்லி நலியும். பூச்சிமருந்து தெளித்த வயலில் பிடித்த பூச்சிகளைக் கொடுத்தால் பல்லி இறக்க நேரிடும். எனவே இரைப் பூச்சிகளையும் தனியே வளர்க்க வேண்டியுள்ளது. எடை கூடினால் விலை கூடும் என்று அளவுக்கு மீறி ஊட்டினால் கொழுப்பேறி நோய்தான் வரும்.

ஈரப்பதம் குறைந்தால் தோல் சரியாக உரியாமல் விரல்களைச் சுற்றி இறுகி, விரலே அழுகி விழலாம். ஊர்வன வகை உயிர்களின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடுமாதலால், கூண்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் கட்டாயம்.

இனப்பெருக்கம்

கணக்குப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நாட்டுக்கோழி ஒரு முறையில் 10 முதல் 15 முட்டைகள் வரை இடும். அடைகாத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். டோக்கே பல்லியோ ஒரு முறைக்குப் பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இடுகிறது. அவற்றைச் சுவரிலோ பட்டையிலோ ஒட்டவைத்துவிடும். பெயர்த்தெடுத்தால் உடைந்துவிடும். குஞ்சு வெளிவர மூன்று மாதமோ அதற்கு மேலுமோ ஆகும். பிறந்த குஞ்சுகளைத் தாய் தந்தையே தின்றுவிடக்கூடுமாதலால் உடனே தனிக் கூண்டுக்கு மாற்ற வேண்டும். அவை இனப்பெருக்கப் பருவம் அடைய ஏறத்தாழ ஓராண்டு தேவை.

பண்ணைக் கணக்கு

இந்தோனேசியாவில் ஆறு நிறுவனங்களுக்கு, பண்ணையில் வளர்த்ததாக ஆண்டுக்கு 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட டோக்கே பல்லிகளை ஏற்றுமதி செய்ய அனுமதி தரப்பட்டது. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் 'டிராபிக்' அமைப்பு 2015இல் இதை ஆராய்ந்தது. பத்து இலட்சம் பல்லிகளை உற்பத்தி செய்யவே 1,40,000 பெண் பல்லிகளும், 14,000 ஆண் பல்லிகளும், 1,12,000 வளர்ப்புக் கூண்டுகளும், நூற்றுக்கணக்கான ஆட்களும் தேவை என்று கணக்கிட்டது. அதாவது ஒரு பெண் பல்லிக்கு ஆண்டுக்கு ஏழு குஞ்சுகள்தான் தேறும். இதற்கு ஆகும் கூண்டு, தீவனம், கூலிச் செலவை நோக்கக் காட்டில் பிடிப்பது மலிவு. 'பண்ணைப் பல்லி' என்ற பெயரில் காட்டுப் பல்லிகள் விற்கப்படுவதாக எழும் ஐயத்திற்கு இதுவே காரணம்.

இலட்சக்கணக்கில் விலை என்ற பேச்சு, இப்பல்லி எய்ட்ஸ் நோயைக் குணப்படுத்தும் என்ற வதந்தியை ஒட்டிப் பெருகியது. இதற்கு எவ்வித அறிவியல் ஆதாரமும் இல்லை. பிலிப்பைன்ஸ் அரசு 2011ஆம் ஆண்டிலேயே இதைக் குறித்துத் தன் மக்களை எச்சரித்தது.

சட்டம்

2019ஆம் ஆண்டில் இப்பல்லி சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. எனவே இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டியவருக்குப் பணமும் திரும்பாது, வழக்குதான் மிஞ்சும்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. எந்தப் பல்லிக்கும் பாம்புக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.

2. புதிய உயிரின வளர்ப்புக்கு யார் அழைத்தாலும், ஆண்டுக்கு எத்தனை குஞ்சு, தீவனச் செலவு என்ன, வாங்குபவர் யார், அரசு அனுமதி எங்கே என்ற நான்கையும் முதலில் கேட்க வேண்டும்.

3. வனவிலங்கை விலை பேசி வருவோரைப் பற்றி அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

4. துணை வருமானத்திற்கு ஆடு, நாட்டுக்கோழி, தேனீ வளர்ப்பு உள்ளன. இவற்றின் வரவு செலவு உழவர்கள் அறிந்ததே. பயிற்சிக்கு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.