புதையலும் புள்ளிக்கணக்கும்

புதையல் என்றதும் பொற்குடமும் அதனைக் காக்கும் பூதமும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. மாணவர்களே, அமெரிக்க நாட்டில் 2000ஆம் ஆண்டு மே திங்களில் தோன்றிய ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டிற் புதையலாவது, ஓர் ஏட்டினைக் கொண்ட சிறு பெட்டியே. ஒருவர் அதனை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். ஏனையோர் செயற்கைக்கோளின் துணையால் அதனைக் கண்டு, ஏட்டில் தம் பெயரைப் பொறித்துவிட்டு மீள்வர்.

சிலர் அவ்வெண்களை நேரே கூறாது புதிராக்குவர். பேஸ்பால் என்னும் அடிபந்தாட்டத்தில் வல்லார் ஒருவரது சிறந்த ஆண்டினைக் குறித்து, அதன் கணக்கினின்று எண்களைப் பெறுக என்பர். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியினரான டெட் வில்லியம்ஸ் 1941இல் ஆடிய ஆட்டம் இதற்கு மிகப் பொருந்தும். அவ்வாண்டில் பரிசு பெற்றவர் யாவர் எனத் தேடுவோர் வழி தப்புவர். அமெரிக்கன் லீகின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் பரிசு நியூயார்க் அணியின் ஜோ டிமாஜியோவிற்கே சென்றது.

மட்டை பிடித்த முறைகளுள் எத்தனை முறை பந்தை நன்கடித்துத் தளம் அடைந்தார் என்பதனை ஆயிரத்திற்கு இத்தனை எனக் கணக்கிடுவர். முந்நூறு எய்தியவரே வல்லவர். நானூறோ அரிதினும் அரிது. செப்டம்பர் 28 அப்பருவத்தின் இறுதி நாள். அதுகாறும் வில்லியம்ஸ் 448 முறைகளுள் 179இல் வென்றிருந்தார். வகுத்தால் 399.55, முழுமையாக்கினால் 400. அன்று வாளா அமர்ந்திருப்பினும் அப்பெருமை அவரை விட்டு அகலாது. விரும்பினால் அமரலாம் என அணியை நடத்திய ஜோ குரோனினும் கூறினார். இருபத்துமூன்று வயதினரான அவ்விளைஞர் இசைந்தாரல்லர். பிலடெல்பியா நகரில் அன்று நிகழ்ந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கினார். எட்டு முறை மட்டை பிடித்தார். மூன்றில் மட்டும் வென்றிருப்பின் 399 ஆகிக் கைப்பொருளும் போயிருக்கும். ஆறில் வென்றார்! 456க்கு 185; அஃதாவது 406.

இனிப் புதிருக்கு வருவோம். பாகையின் அறுபதில் ஒரு கூறு கலை எனப்படும். அட்சரேகையில் ஒரு கலை நிலத்தின்மேல் ஏறத்தாழ 1852 மீட்டர். வடக்கு அட்சரேகையின் கலைக்குப்பின் வரும் மூன்று தசம இலக்கங்களாக 406ஐப் புதிர் செய்தவர் மறைத்து வைத்தார் என்று கொள்வோம். இறுதி நாளின் செய்தியறியாது 400 என்று இட்டவர், பெட்டிக்குப் பதினொரு மீட்டர் தெற்கே நின்று புல்லைக் கிளறிக்கொண்டிருப்பார்.