நித்யாவிடம் நான் பேச மாட்டேன்

பாளையங்கோட்டை,
சித்திரை 2.

அன்புள்ள கார்த்திக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் சண்டித்தனம் செய்கிறது. உன் பெரியம்மா வழக்கம்போல ஓர் இடத்தில் உட்காருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். ஜூன் மாதம் ஹம்ப்டா கணவாய்க்கு மலையேறப் போவதாக நித்யா நிற்கிறாள், "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பா பெரியப்பா" என்றாய். கேட்பாள்தான். அந்தப் பிள்ளைக்கு என்மேல் மரியாதை உண்டு. அந்த மரியாதையை இந்தக் காரியத்துக்குச் செலவழிக்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் அவளிடம் பேச மாட்டேன். உன்னிடம் சொல்லத்தான் கொஞ்சம் இருக்கிறது. போனில் சொன்னால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் எரிச்சலிலாவது இரண்டாம் முறை படிப்பாய்.

நீ பேசியதில் பாதி, ஊர் என்ன சொல்லும் என்பது. "பிள்ளையை விட்டுட்டுப் பொம்பளை தனியா இமயமலைக்குப் போறாளாம்" என்று உன் அத்தை கேட்டாளாம். அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், அந்தக் கவலையை விடு. மீதிப் பாதி பயம். பயம் நியாயமானது, அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். இந்த இரண்டுக்கும் அடியில் இன்னொன்று கிடக்கிறது, அதை நீ வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் முதலில் உன்னைத்தான் கூப்பிட்டாள். "எனக்கு லீவு கிடைக்காது" என்றாய். சரி என்று அவள் தோழிகளோடு பணம் கட்டிவிட்டாள். நீ வரவில்லை என்றால் அவளும் போகமாட்டாள் என்று நினைத்திருந்தாய், அது நடக்கவில்லை. உனக்குக் கசப்பது அதுதான் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் சொல்லு.

பிள்ளையைப் பற்றி அத்தை கேட்டதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். எவரெஸ்டில் முதலில் ஏறிய பெண் ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தபெய். 1975 மே 16 அன்று உச்சியை அடைந்தார். அப்போது அவருடைய மகள் சின்னக் குழந்தை, ஏறக்குறைய உங்கள் பாப்பா வயதுதான். கணவர் மசனோபுவும் மலையேறுகிறவர், மலையில்தான் இருவருக்கும் அறிமுகமே. அவர் வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். பெண்கள் மட்டுமே கொண்ட அந்தக் குழுவுக்குப் பணம் தேடி அலைந்தபோது, வீட்டில் இருந்து பிள்ளையை வளர்க்கலாமே என்று அங்கேயும் சொல்லியிருக்கிறார்கள். உன் அத்தை ஜப்பானிலும் இருக்கிறாள் என்று வைத்துக்கொள். அந்தம்மா பியானோ சொல்லிக்கொடுத்துக் காசு சேர்த்தார். கார் சீட் உறையை வெட்டித் தண்ணீர் புகாத கையுறை தைத்துக்கொண்டார்கள். மே 4 அன்று கூடாரத்தின் மேல் பனிச்சரிவு விழுந்து புதைந்துபோனவரை ஷெர்பாக்கள் தோண்டி எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து உச்சியில் நின்றார். அந்தப் பன்னிரண்டு நாளும் ஜப்பானில் ஒரு மனிதர் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டு எப்படி இருந்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவரைப் பற்றி யாரும் அதிகமாக எழுதுவதில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை என்று அவரே நினைத்திருக்கலாம்.

நித்யா போவது எவரெஸ்ட் இல்லை, ஜூன் முதல் செப்டம்பர் வரை எத்தனையோ பேர் போய்வருகிற ஒரு கணவாய். ஆனாலும் விளையாட்டும் இல்லை. நீ பயப்படுகிறாயே, எதற்குப் பயப்பட வேண்டும் என்று ஒருநாளாவது உட்கார்ந்து படித்தாயா? நம் தமிழ்நாட்டில் மிக உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஹம்ப்டா கணவாய் அதைவிட ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல் உயரம். மணாலிப் பக்கம் தேவதாருக் காடும் புல்வெளியுமாக ஏறி, கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் லாஹுல், மொட்டைப் பாறை, மரமே கிடையாது. ஒரே நாளில் இரண்டு தேசம் பார்த்த மாதிரி இருக்கும் என்பார்கள். இதற்காகத்தான் அந்தப் பாதைக்கு இவ்வளவு பேர் போவது. இது உனக்குத் தெரிந்திருந்தால், "அங்க என்னதான் இருக்கு?" என்று அவளிடம் கேட்டிருக்க மாட்டாய்.

அங்கே ஆளைப் படுக்கவைப்பது பெரும்பாலும் காற்றின் மெலிவு. 2,500 மீட்டரைத் தாண்டினால் யாருக்கும் வரலாம். ஜிம்முக்குப் போகிறவன், இளவயசுக்காரன் என்று அது பார்ப்பதில்லை. தலைவலி, குமட்டல், சாப்பாடு இறங்காமை, தூக்கமின்மை. இவ்வளவோடு நின்றால் அதற்கு மேல் ஏறாமல் அங்கேயே தங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடாமல் இருமினாலோ, பேச்சு குழறினாலோ, உடனே கீழே இறக்க வேண்டும், ராத்திரி ஆனாலும் சரி. ஒரு சோதனை இருக்கிறது. தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து ஒட்டி வைத்து நடக்கச் சொல்வார்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. 3,000 மீட்டருக்கு மேலே போனால், முந்தின நாள் தூங்கிய இடத்தைவிட ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் அடுத்த ராத்திரி தூங்காமல் இருப்பது நல்லது. மாத்திரை உண்டு. ஆனால் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தொடுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். நித்யாவுக்கு ஒத்துக்கொள்ளுமா? இந்தக் கேள்விக்குப் பதில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "போகாதே" என்பதைவிட இது அவளுக்கு எவ்வளவோ உதவும்.

2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்ததை நீ எடுத்துக் காட்டினாய். மறக்கக்கூடியதா அது? மலையேறப் போன பிள்ளைகள் காட்டுத்தீயில் சிக்கி எத்தனை பேர் போனார்கள். ஆனால் அதிலிருந்து படிக்க வேண்டியது, காய்ந்து கிடக்கிற காட்டுக்குள் எந்த மாதத்தில் போகிறோம், யார் கூட்டிப் போகிறார்கள், வனத்துறைக்குத் தெரியுமா என்பதையெல்லாம் விசாரிக்கிற பழக்கம். அதன் பிறகுதான் நம் மாநிலத்தில் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024இல் அரசே நாற்பது பாதைகளைத் திறந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்து, வழிகாட்டியோடு அனுப்புகிறது. தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். திறந்ததும் எளிதான பாதை ஒன்றுக்கு நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள். மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க மட்டுமில்லை. சேர்ந்து நடப்பது என்றால் என்னவென்று அங்கே தெரிந்துவிடும். வேகமாக நடக்கிறவர் முன்னால் போய் உட்கார்ந்து, பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்த அந்த நிமிஷமே எழுந்து கிளம்புவார். பின்னால் வந்தவருக்கு ஓய்வே கிடைக்காது. மலையில் பாதிச் சண்டை இதில்தான் வருகிறது. உங்கள் வீட்டில் பின்னால் வரப்போவது நீதான், அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீயும் போகலாம் என்று முடிவு செய்தால் எனக்குச் சந்தோஷம். காவலுக்குப் போகாதே, அவ்வளவுதான். "நான் கூட இருந்தா ஒண்ணும் ஆகாது" என்ற நினைப்பில் போகிறவன் அங்கே சுமை. நாளையிலிருந்து உன் அடுக்ககத்தில் லிஃப்டை விட்டுவிட்டு, முதுகில் எட்டுக் கிலோ பையோடு படியேறு. மலை விஷயத்தில் உன்னைவிட அவளுக்கு அனுபவம் அதிகம் என்பதை வாய்விட்டு ஒப்புக்கொள். கிளம்புவதற்கு முன், வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு பேரில் ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் என்ன செய்வது? மேலே நின்றுகொண்டு பேசினால் ரோஷம்தான் பேசும்.

இத்தாலியில் நீவெஸ் மெரோய், ரொமானோ பெனெத் என்று ஒரு தம்பதி. எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் உலகில் மொத்தம் பதினான்கு. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல், மேலே மூட்டை தூக்க ஆள் வைக்காமல், இரண்டே பேராக ஏறிக்கொண்டிருந்தார்கள். 2009இல் நீவெஸ் பதினொன்றை முடித்திருந்தார். பதினான்கையும் முடிக்கும் முதல் பெண் யார் என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரம், போட்டியில் இருந்த நாலைந்து பேரில் அவரும் ஒருவர். காஞ்சன்ஜங்காவில் ஏழாயிரம் மீட்டருக்கு மேலே ரொமானோவுக்கு உடம்பு முடியாமல் போனது. நீ ஏறிவிட்டு வா, நான் காத்திருக்கிறேன் என்றார். நீவெஸ் கேட்கவில்லை, அவரை அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். போட்டி அதோடு முடிந்தது. அடுத்த வருஷம் அந்தப் பெயரை வேறொருத்தி வாங்கிக்கொண்டாள். ரொமானோவுக்கு எலும்பு மஜ்ஜையில் கடுமையான நோய் என்று தெரிந்து, இரண்டு தடவை மஜ்ஜை மாற்றினார்கள். மனிதர் பிழைத்து எழுந்தார். 2014இல் இருவரும் அதே காஞ்சன்ஜங்காவுக்குத் திரும்பிப் போய் ஏறினார்கள். 2017 மே மாதம் அன்னபூர்ணாவோடு பதினான்கும் முடிந்தது. சேர்ந்து எல்லாவற்றையும் ஏறிய முதல் தம்பதி அவர்கள்தான்.

இதைத் தியாகக் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அந்தம்மாவுக்கு ரொமானோ இல்லாமல் ஏறுவதில் அவ்வளவு சுவை இருந்திருக்காது. சேர்ந்து ஏறுவதுதான் அவர்களுடைய விளையாட்டே. நித்யா உன்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தானா என்று எனக்குத் தெரியாது. நீ கேட்கலாமே.

ஒருவேளை மலை உனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்றால் அதுவும் குற்றமில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு எல்லா ஆசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி பேர் உனக்குத் தெரியும். தெஹ்மினா அம்மையாரைத் தெரியுமா? இங்கிலாந்தில் படித்தவர், வசதியாக வாழ்ந்தவர். பறவை அவருடைய பைத்தியம் இல்லை, கணவருடைய பைத்தியம். முப்பதுகளில் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்புக்கு சாலிம் அலி சம்பளமே வாங்காமல் போனபோது, அந்தம்மாவும் காட்டு முகாம்களுக்குக் கூடவே போனார். கொசுவும் மழையும் மாட்டுவண்டிப் பயணமும் அவருக்குப் பிடித்தும்போனது. 1939இல் ஒரு சின்ன அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். பெண்ணாகப் பிறந்தவள் புருஷனின் பைத்தியத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டால் நமக்கு ஆச்சரியமே இல்லை. அதையே மாற்றிச் செய்யச் சொன்னால் மட்டும் உனக்கு லீவு கிடைக்கமாட்டேன் என்கிறது.

எங்கள் கதை உனக்குத் தெரியும். பறவை பார்க்கக் கூந்தன்குளத்துக்குப் போவது பெரியம்மா ஆரம்பித்தது. நான் டிரைவராகப் போய், காரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன். இப்போதும் காட்சிக் கோபுரத்தில் ஏறுவது அவள்தான், என் முழங்காலுக்கு அது ஆகாது. அவள் மேலிருந்து பேர் சொல்வாள், நான் கீழே வரப்பில் ஸ்டூல் போட்டு நோட்டில் எழுதுவேன். "பொரி உள்ளான் ஆறு" என்பாள். "பச்சைக்காலியா இருக்கப்போகுது, காலைப் பாரு" என்று நான் கத்துவேன். "மேல ஏறி வந்து நீங்களே பாருங்க" என்பாள். பக்கத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் குஞ்சு பொரித்திருக்கிற மரத்தடியில் போகிற ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். நோட்டில் அந்த வரிக்கு எதிரே கேள்விக்குறி போட்டுவிடுவேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால் பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரி. பனிக்காலத்தில் அங்கே வருகிற வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டித்தான் வருகின்றன. அதைச் சொல்லி நித்யாவிடம் பெரியம்மா பெருமை அடித்துக்கொள்வாள், "உன் மலைக்கும் என் குளத்துக்கும் சொந்தம் இருக்கு" என்று. வருகிற பொங்கலுக்குப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போது நீங்கள் மூன்று பேரும் இங்கே இருக்க வேண்டும். பாப்பாவுக்கு எண்ணத் தெரிந்தால் போதும்.

சில்லறை விஷயங்கள். அவளுடைய இன்ஷூரன்ஸ் பாலிசியில் மலையேற்றத்தை விலக்கி வைத்திருக்கிறார்களா என்று பார். கூட்டிப்போகிறவர்களிடம் ஆக்சிஜன் உண்டா, இத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டி என்று கேட்டு எழுதி வாங்கு. அங்கே பல இடத்தில் போனில் சிக்னல் கிடைக்காது. இரண்டு நாள் பேச்சே இல்லை என்றால் கலவரப்படாதே, கலவரப்பட்டு எனக்கு நடுராத்திரி போன் போடாதே. அவள் திரும்பி வந்ததும் "நான் இங்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா" என்று ஆரம்பிக்காதே. முதலில் போட்டோவைப் பார்.

பாப்பா விஷயம். நீயும் ஹம்ப்டாவுக்குப் போவதாக இருந்தால் தேதியைச் சொல்லு, நானும் பெரியம்மாவும் வந்து பத்து நாள் இருந்து பார்த்துக்கொள்கிறோம். நீ போகவில்லை என்றால் நாங்கள் வரமாட்டோம். பிள்ளைக்கு அப்பா வீட்டில் இருக்கும்போது தாத்தா பாட்டிக்கு அங்கே என்ன வேலை?

அன்புடன்,
பெரியப்பா.