எம்.பி.ஏ. எங்கே படிப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

எம்.பி.ஏ. எங்கே சேரலாம் என்று கேட்டிருந்தாய். கட்டணம், சம்பளம் எல்லாம் நீயே அலசியிருப்பாய். படித்து முடிக்கையில் எதை நீ பெரிதாக நினைப்பாய் என்பதிலும் கல்லூரிக்குப் பங்கு உண்டு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஆஸ்பென் இன்ஸ்டிடியூட் 2001-ஐ ஒட்டி, பெயர்பெற்ற கல்லூரிகளின் எம்.பி.ஏ. மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. சேர்ந்த புதிதில் வாடிக்கையாளரையும் பொருளின் தரத்தையும் முன்னே வைத்தவர்கள், முடிக்கும்போது பங்குதாரரின் லாபத்துக்கு நகர்ந்திருந்தார்கள். இதற்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. வகுப்பில் போடும் கணக்கெல்லாம் பங்கு மதிப்பில் போய் முடிந்தால், மனசும் அந்தப் பக்கம் சாயத்தானே செய்யும்?

மாறாக, குஜராத்தின் ஆனந்தில் வர்கீஸ் குரியன் 1979-இல் தொடங்கிய இர்மா என்ற ஊரக மேலாண்மைக் கல்லூரியைப் பார். மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பித் தங்கவைப்பது அங்கே படிப்பின் ஒரு பகுதி. அந்த வட்டாரத்துப் பால் சங்கத்தில் விடிந்ததும் வரிசை நிற்கும். ஓர் அம்மா தூக்குப் பாலை ஊற்றுவார். கொழுப்பை அளந்து, அதற்கேற்ற விலையைப் பதிவார்கள். வேறொரு நிறுவனத்தின் கணக்கில் அந்த விலை வெறும் கொள்முதல் செலவு. குறைத்தால் மேலாளருக்குப் பாராட்டு. கூட்டுறவில் அந்த அம்மாதான் முதலாளி. ஒரு ரூபாய் குறைத்தால் முதலாளியின் வருமானத்தில்தான் கைவைக்கிறாய். இதை நேரில் பார்த்தவன் 'செலவுக் குறைப்பு' என்று எழுதுமுன் கொஞ்சம் யோசிப்பான் என்று நம்புகிறேன்.

இன்னோர் உதாரணம், ஜாம்ஷெட்பூரின் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மேலாண்மைக் கல்லூரி. 1949-இல் இயேசு சபையினர் தொடங்கியது. தொடக்க காலத்தில் தொழிற்சங்கத்தினருக்கும் அங்கே வகுப்பு நடந்தது; மேலாளரின் பக்கம் மட்டுமே அங்கே பாடமாக இருக்கவில்லை.

இடம்தான் எல்லாம் என்று சொல்லமாட்டேன். இர்மாவுக்குப் போகிறவர்களில் பலர் கிராமத்தை ஏற்கெனவே மனசில் வைத்திருப்பவர்கள். கல்விக் கடனும் பேசும்; மாதத் தவணை பெரிதென்றால், பிடித்த வேலையை விட்டுச் சம்பளம் கூடிய வேலைக்குத்தான் போகத் தோன்றும். சேருமுன் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்.

எந்தக் கல்லூரியானாலும் நேரில் போ. அறவியலுக்குத் தனித்தாள் இருக்கிறதா என்பதைவிட, நிதி வகுப்பில் தொழிலாளியின் பேச்சு வருகிறதா என்று விசாரி. பட்டமளிப்பு மேடையில் எந்தப் பழைய மாணவரைக் கொண்டாடுகிறார்கள் என்று கேள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாலைந்து பேரை டீக்கடைக்கு அழைத்துப் போய், எதற்காக வந்தார்கள், இப்போது என்ன வேண்டும் என்கிறார்கள் என்று பேசிப் பார். அவர்கள் சொன்னதை எனக்கு எழுது. பணம் கட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்