ஒரு கிளாண்டுக்குள் எத்தனை கேபிள்?

கோயில் விழாவுக்கு விளக்குக் கட்டும் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி போன வாரம் என்னிடம் கேட்டான்: "அண்ணே, பெட்டிக்குள்ள கேபிள் நுழையற இடத்துல ஒரு கனெக்டர்தானே இருக்கு. அதுல எத்தனை கேபிள் விடலாம்? சட்டத்துல நம்பர் ஏதாவது போட்டிருக்கா?"

"ஒண்ணுக்கு ஒண்ணு. கனெக்டர் செஞ்ச கம்பெனி வேற சொன்னா, அவங்க சொல்ற எண்ணிக்கை." இதுதான் நான் சொன்ன பதில். அவன் தலையாட்டினான். ஆனால் ஏன் என்று தெரியாமல் தலையாட்டினால் அவசரத்தில் அந்த விதிதான் முதலில் காற்றில் பறக்கும். எனக்கு அப்படித்தான் பறந்தது.

அப்போது எனக்கு 19 வயது. தொழிற்கல்லூரியில் மின்துறை படித்துக்கொண்டிருந்தேன். நவராத்திரி சமயம், லிட்டில் இந்தியாவில் ஒரு கோயிலின் பின்கட்டில் தற்காலிக வயரிங். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் பொறுப்பில் இருந்தார், நான் உதவிக்கு. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் மழை தாங்கும் பிளாஸ்டிக் பெட்டி. அதிலிருந்து மூன்று கேபிள் வெளியே போக வேண்டும்: கொலு மேடை விளக்குக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, பெரிய மின்விசிறிக்கு ஒன்று. அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். கையில் இருந்ததோ ஒரே ஒரு எம்25 கிளாண்ட். ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடைக்குப் பத்து நிமிட நடைதான். எனக்குச் சோம்பல். மூன்று கேபிளையும் சேர்த்து அதிலேயே நுழைத்து, நட்டை இறுக்கிவிட்டேன். பார்க்க நல்லாவே இருந்துச்சு.

அண்ணன் திரும்பி வந்தார். திட்டவில்லை. மெயினை அணைத்துப் பூட்டு போட்டார். மூன்றில் ஒரு கேபிளைப் பிடித்து மெதுவாக இழுத்தார். மூன்று சென்டிமீட்டர் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அப்புறம் குழாயில் ஒரு சொம்புத் தண்ணீர் பிடித்துப் பெட்டி மேல் ஊற்றி, மூடியைத் திறந்து காட்டினார். அடியில் தண்ணீர் நிற்கிறது.

"சாயங்காலம் இந்த இடத்துல யாருப்பா நிப்பாங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். அபிஷேகத்துக்குத் தண்ணீர் பிடிப்பவர்கள், கால் கழுவ வரும் பிள்ளைகள், பாத்திரம் தேய்க்கும் அம்மாக்கள். எல்லாரும் வெறுங்கால், ஈரத் தரை. ஃபேக்டரியில் ரப்பர் பூட்ஸ் போட்டவன் தொட்டால் தப்பிக்கலாம், கோயிலில் செருப்பே கிடையாது. நனைந்த உடம்பின் மின்தடையை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், நம் ஊர் 230 வோல்ட்டுக்கு 230 மில்லி ஆம்ப் பாயும். வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்ப் கசிந்தாலே விழ வேண்டும் என்று வைத்திருப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏன் தண்ணீர் போச்சு? கணக்குப் போட்டால் புரியும். கிளாண்டுக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. நட்டை இறுக்கினால் அது சுருங்கி கேபிளைச் சுற்றிலும் கவ்வும். இரண்டு வேலை செய்கிறது: இழுத்தால் வராமல் பிடிக்கிறது, தண்ணீரையும் தூசியையும் தடுக்கிறது. ஆனால் அது கவ்வத் தெரிந்தது ஓர் உருண்டையை மட்டும். என் கேபிள் ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் தடிமன். மூன்றையும் சேர்த்துக் கட்டினால் 17 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். எம்25 நைலான் கிளாண்ட் பொதுவாக 13 முதல் 18 வரை கவ்வும். அளவு சரியாத்தான் இருக்கு! அங்கேதான் நான் ஏமாந்தேன். அந்த வட்டத்தின் பரப்பில் மூன்று கேபிளும் சேர்ந்து அடைப்பது 65 சதவீதம்கூட இல்லை, மீதி இடைவெளி. வெளிப்பக்க இடுக்கில் ரப்பர் கொஞ்சம் பிதுங்கி நிரப்பலாம். மூன்றுக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு சந்து இருக்கிறதே, அங்கே ரப்பர் எட்டவே எட்டாது. தண்ணீருக்கு அது திறந்த வாசல். பெட்டியில் ஐபி65 என்று அச்சிட்டிருந்தது. 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் தண்ணீரைப் பீய்ச்சினாலும் கெடுதல் வராது. மூன்று கேபிளை நுழைத்த நிமிடமே அந்த எண் வெறும் அலங்காரமாகிவிட்டது.

இரண்டு கேபிள் என்றால் இன்னும் மோசம். ஒரே தடிமனுள்ள இரண்டைச் சுற்றி வட்டம் போட்டால் சரியாகப் பாதி காலி.

இனி சட்டத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் மின் வயரிங்குக்கான நெறிநூல் எஸ்எஸ் 638. பழைய சிபி 5-க்குப் பதிலாக 2018-இல் வந்தது, பிரிட்டனின் பிஎஸ் 7671 காட்டிய வழியில் போவது. அந்த பிரிட்டிஷ் மரபு 'கிளாண்டுக்கு இத்தனை' என்று எண் சொல்லி நிற்பதில்லை. கேபிள் நுழையும் இடத்தில் உறை கிழியக்கூடாது, இழுவை மூட்டில் விழக்கூடாது, பெட்டியின் பாதுகாப்பு குறையக்கூடாது, பொருளை அதன் தயாரிப்பாளர் சொன்னபடி மாட்ட வேண்டும் என்று விளைவைக் கேட்கிறது. அமெரிக்காவிலும் சுற்றி வந்தால் இதே இடம்தான். அவர்களுடைய தேசிய மின் விதிநூலின் 110.3 பிரிவு, சோதித்துப் பட்டியலிட்ட பொருளை அதன் குறிப்புப்படியே பயன்படுத்து என்கிறது. யூஎல் சோதனை அமைப்போ, பிளாஸ்டிக் உறைக் கேபிளுக்கான கனெக்டர் என்றால் அட்டைப்பெட்டியில் வேறு எண் அச்சிடாதவரை ஒரு கேபிளுக்குத்தான் என்கிறது. அங்கே சில கனெக்டர்களின் அட்டையில் இரண்டு தட்டைக் கேபிள் என்றே போட்டிருப்பார்கள். அது முறையானது, ஏனென்றால் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் கடைகளிலும் இரண்டு துளை, நான்கு துளை உள்ள ரப்பர் வைத்த கிளாண்ட் கேட்டால் கிடைக்கும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு கேபிள். பயன்படுத்தாத துளையை அடைக்க மறக்காதீர்கள்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். "45 சதவீதம் வரைக்கும் நிரப்பலாம்னு படிச்சேனே?" என்பார்கள். அது டிரங்கிங் கணக்கு. நீண்ட பெட்டிப் பாதையில் காற்று இருக்க வேண்டும், கேபிளை உரசாமல் இழுக்க இடம் வேண்டும், அதற்காக. கிளாண்டில் நேர் எதிர், காலி இடம்தான் எதிரி. அதேபோல, கட்டாகப் போகும் கேபிள் சூடாகும் என்பதும் உண்மைதான். மூன்று சர்க்யூட்டை நெடுக ஒன்றாகக் கட்டினால் 0.70-ஆல் பெருக்க வேண்டும், 20 ஆம்ப் தாங்கும் கேபிள் 14-க்கு இறங்கும். ஆனால் கிளாண்ட் சில சென்டிமீட்டர்தான், அங்கே சூட்டைவிடப் பிடிப்பும் தண்ணீரும்தான் எனக்குக் கவலை.

இப்போது தலைகீழான ஒரு விஷயம். பெரிய விழாவுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால், தடித்த ஒற்றைக் கம்பிக் கேபிள்கள் வரும்: மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். இரும்புப் பெட்டியில் இவற்றை 'ஒன்றுக்கு ஒன்று' என்று தனித்தனி ஓட்டையில் விட்டால் தகடு கொதிக்கும்! ஒரு கேபிளைச் சுற்றி இரும்பு வளையம் போட்டது போல ஆகி, மாறுமின்னோட்டத்தின் காந்தப்புலம் தகட்டுக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். ஒரே சர்க்யூட்டின் எல்லாக் கம்பிகளும் ஒரே திறப்பு வழியாகப் போனால் போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும் ஒன்றையொன்று தட்டிக்கழித்துவிடும். தனித்தனி கிளாண்டுதான் வேண்டும் என்றால், அந்த இடத்தில் பித்தளை அல்லது அலுமினியத் தகடு போடுவார்கள், இல்லை ஓட்டைகளுக்கு நடுவே வெட்டுப் போட்டு இணைப்பார்கள். ஆக, இரும்பு என்ன கேட்கிறது, ரப்பர் என்ன கேட்கிறது என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

"ஆர்சிசிபிதான் இருக்குதே அண்ணே, தண்ணி போனா அது விழுந்துடாதா?" விழும். 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் அது கட்டாயம், அதற்கு முந்திய வீடுகளுக்கும் 2025 ஜூலை 1 கெடு வைத்தார்கள். நல்ல காவல்தான். ஆனால் பூஜை நடுவில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இருட்டு, கூட்டம், பத்துப் பேர் பத்துத் திசையிலிருந்து கத்துவார்கள். அப்போது யாராவது ஒருவர் "அதை பைபாஸ் பண்ணிடுப்பா, பத்து நிமிஷம்தானே" என்பார். எனக்கு ஈரப் பெட்டியைவிட அந்தப் பத்து நிமிடம்தான் பயம்.

வீட்டில் பார்க்க வேண்டுமென்றால் 13 ஆம்ப் பிளக்கைப் பாருங்கள். உள்ளே வயர் பிடிக்கும் பட்டை ஒரே ஒரு வயருக்குத்தான். இரண்டு வயரை அதில் திணித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பட்டை எதையுமே பிடிக்காது.

இன்னொன்று. நிலையான வயரிங்கை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும். எலெக்ட்ரீஷியன் உரிமத்துக்கு 45 கேவிஏ வரை வரம்பு, அதற்கு மேல் டெக்னீஷியன், எஞ்சினியர். தொண்டர்களான நாம் ஏணி பிடிக்கலாம், கேபிளை இழுத்துக் கொடுக்கலாம், கட்டலாம். பெட்டியைத் திறப்பது அவர் வேலை. அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் நான் நட்டை இறுக்கியதே முதல் தப்பு.

அன்று மதியம் நான் ஜாலான் புசாருக்கு நடந்தேன். 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை கவ்வும் எம்20 கிளாண்ட் மூன்று. விலை சொன்னால் சிரிப்பீர்கள், கோப்பிக் காசு. அண்ணன் பெட்டியின் அடிப்பக்கத்தில் மூன்று துளை போட்டார். கேபிள்களை முதலில் கீழே தொங்கவிட்டு, பிறகு வளைத்து மேலே கொண்டு வந்து நுழைத்தோம், மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஒவ்வொன்றையும் என்னையே இழுத்துப் பார்க்கச் சொன்னார். மறுபடி ஒரு சொம்புத் தண்ணீர். உள்ளே காய்ந்திருந்தது. நான் மூன்றையும் திணித்த பழைய எம்25 ஓட்டையில் அடைப்பான் போட்டுத் திருகிய பிறகுதான் பூட்டை எடுத்து மெயினைப் போட்டார்.