முத்துக்குளிப்பவரின் சுமை

சாரணர் முகாமுக்கோ, குற்றால மலைப்பக்கமோ போவதற்காக நீங்கள் முதுகுப்பை கட்டியிருப்பீர்கள். வீட்டில் லேசாக இருந்த பை, பாதி வழி ஏறியதும் கனக்கிறது. சாரலில் நனைந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். "எடை குறைந்த சாமானாகப் பார்த்து எடுத்துக்கொள்" என்று பெரியவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் எங்கே எடை குறைவாக இருக்க வேண்டும்? கடைத் தராசிலா, மலைப்பாதையிலா?

இந்தக் கேள்விக்குத் தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக் குளித்தவர்கள் கண்ட விடை வேடிக்கையானது. அவர்கள் தங்கள் சாமான்களோடு வேண்டுமென்றே ஒரு பெரிய கல்லையும் சேர்த்துக்கொண்டார்கள்!

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் வாழும் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் அவற்றுள் புகழ் பெற்றது. பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. இங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரையில். மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கும் குளியாளுக்குக் கிடைத்த நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் இறங்க வேண்டும், சிப்பி பொறுக்க வேண்டும், உயிரோடு மேலே வர வேண்டும். அவருடைய சாமான்கள் மூன்றே: ஒரு கல், கயிறு, கழுத்திலோ இடுப்பிலோ தொங்கும் வலைப்பை.

கல் எதற்கு? நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துக்கொண்ட மனிதர் கடல் நீரில் மிதப்பார். அவரை மேலே தள்ளும் விசை 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். (விசையைக் கிலோவில் சொல்கிறேன். இயற்பியல் ஆசிரியர் நியூட்டனில் கேட்டால் 9.8 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.) இந்த 3 கிலோவை எதிர்த்துக் கையையும் காலையும் உதைத்து நீந்தினால், அடக்கிய மூச்சில் பெரும்பங்கு வழியிலேயே தீர்ந்துவிடும்.

இப்போது 15 கிலோ கருங்கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கருங்கல்லின் அடர்த்தி சுமார் 2.7. ஆகவே கல்லின் கன அளவு ஏறக்குறைய 5.6 லிட்டர். அது ஒதுக்கும் கடல் நீரின் எடை 5.7 கிலோ. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி நீருக்குள் கல்லின் எடை 15 - 5.7 = 9.3 கிலோ. இதில் மனிதரின் மிதப்பு 3 கிலோவைக் கழித்தால், 6.3 கிலோ விசை அவரைக் கீழே இழுக்கிறது. கல் கட்டிய கயிற்றைக் கால்விரல்களில் பற்றி அவர் அசையாமல் நிற்கிறார். கல் அவரை அடிக்குக் கொண்டுபோகிறது.

அடியைத் தொட்டதும் அவர் கல்லை விட்டுவிடுகிறார். தோணியில் கயிறு பிடிப்பவர் அதை உடனே மேலே இழுத்துக்கொள்கிறார். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இருபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு. பாயில் விதிப்படி, மேலே 6 லிட்டராக இருந்த நுரையீரல் காற்று அங்கே 2 லிட்டராகச் சுருங்குகிறது. உடல் ஒதுக்கும் நீர் 4 லிட்டர் குறைந்தது. அதாவது மிதப்பு சுமார் 4.1 கிலோ குறைந்தது. மேலே 3 கிலோ மிதந்த அதே மனிதர், கீழே ஒரு கிலோவுக்கு மேல் அமிழ்கிறார்! எனவே இறங்கத் துணையாக இருந்த கல், அடியில் வேண்டாத சுமை. திரும்பி வரும்போது அவராலேயே எளிதில் மிதக்க முடியாது. கயிற்றை அசைத்துச் சைகை காட்டினால் தோணியிலிருந்து இழுத்துவிடுவார்கள். அந்தக் கயிற்றை நம்பித்தான் அவர் உயிர் இருந்தது. (ஆகவே கிணற்றிலோ கடலிலோ கல்லைப் பிடித்துக்கொண்டு மூழ்கிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். மூச்சை அடக்கும்போது முன்னறிவிப்பின்றி மயக்கம் வரும்.)

கல்லுக்குப் பதில் இரும்பு கூடாதா? நீருக்குள் அதே 9.3 கிலோ கிடைக்க 10.7 கிலோ இரும்பு போதும். ஒவ்வொரு முறையும் தோணிக்குள் தூக்க 4 கிலோவுக்கு மேல் மிச்சம். ஆனால் கல் துருப்பிடிக்காது. அறுந்து போனாலும் நஷ்டமில்லை.

வலைப்பையைப் பாருங்கள். ஒரு சிப்பி 40 கிராம், அதில் பாதி ஓடு என்று கொண்டால், 50 சிப்பிகள் கரையில் 2 கிலோ. நீருக்குள் சுமார் 600 கிராம்தான். துணிப்பையாக இருந்தால், அதில் நிறைந்த 5 லிட்டர் நீர் கடலுக்குள் எடையே காட்டாது. விளிம்புக்கு மேலே தூக்கும்போதோ 5 கிலோ கூடும். வலையில் நீர் ஒழுகிவிடும்.

இலங்கைப் பக்கத்துக் குளிப்புக்கு வந்த அரபுக் குளியாட்கள் கொம்பினால் செய்த சிறு கவ்வி ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டார்கள். நம்மவர்கள் மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள். சில கிராம் எடையுள்ள கவ்வி ஒரு கையையே விடுவித்துவிட்டது!

1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் கன்யானும் முதுகில் சுமக்கும் காற்றுக் கருவியை அமைத்தார்கள். பிற்பாடு தூத்துக்குடியில் கடல் ஆராய்ச்சியாளர்களும் அத்தகைய கருவியோடு பார்களில் மூழ்கி ஆராய்ந்தார்கள். இதிலும் எடைக் கணக்கு உண்டு. 12 லிட்டர் உருளையில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்று, வெளியே வந்தால் 2,400 லிட்டர். லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் அதன் எடை 2.9 கிலோ! மூச்சு விட விட உருளை லேசாகிறது. மெதுவாக மேலேற வேண்டிய கடைசி நேரத்தில் மூழ்கியவரை அது மேலே தள்ளப் பார்க்கும். அதனால் இடுப்பில் கட்டும் ஈயத்தை, உருளை ஏறக்குறையக் காலியான நிலைக்குக் கணக்கிட்டே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இனி உங்கள் பைக்கு வருவோம். தண்ணீரும் சோறும் போகப் போகக் குறையும். தடித்த பருத்தித் துண்டோ நனைந்தால் கனக்கும். புறப்படுவதற்கு முதல் நாள், துண்டு, சட்டை, போர்வை ஒவ்வொன்றையும் சுருள்வில் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாளி நீரில் நனைத்து, சொட்டு நிற்கும் வரை தொங்கவிட்டு மறுபடி நிறுங்கள். நைலான் துணி ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். அதே தராசில் ஒரு கருங்கல்லைக் கட்டி, வாளிக்குள் மெல்ல இறக்கி, முள் எங்கே போய் நிற்கிறது என்றும் கவனியுங்கள். வாளியில் இருப்பது நன்னீர் என்பதைக் கணக்கில் மறக்க வேண்டாம்.